தாய்மார் பிரதிநிதியாக உட்கார வைத்தார்கள். மூன்று கூட்டம் ஆகிவிட்டது. தொடரவா, விடவா?

கடைசிநாற்காலி:

எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் தாய் சேய் நலப் பிரிவுக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. இரண்டாவது பையனுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் நல்லா பேசுறீங்களே, தாய்மார் சார்பா குழுவுக்கு வாங்க." பெருமையாகத்தான் இருந்தது. போனேன்.

முதல் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். இத்தனை கர்ப்பிணிகள் பதிவு, இத்தனை பிரசவம், இத்தனை தடுப்பூசி என்று ஒருவர் வாசித்தார். போட்டோ எடுத்தார்கள். முடிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் வாயைத் திறந்தேன். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. எட்டு மாத வயிற்றோடு ஒரு கையில் குப்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். துணைக்கு ஆள் வந்தால் வெளியே காவல் நிற்கலாம். தனியாக வருகிறவர் என்ன செய்வார்? இதைச் சொன்னேன். "நோட் பண்ணிக்கிறோம்மா" என்றார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். தாழ்ப்பாளைக் காணோம். "உறுப்பினர்கள் சேவைகள் குறித்துத் திருப்தி தெரிவித்தனர்" என்று ஒரு வரி இருந்தது. நான் எப்போது தெரிவித்தேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரை நாள் போகிறது. சின்னவனை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட குழுவில் இருந்து ஏதாவது செய்ய முடிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இல்லையென்றால் மரியாதையாக விலகிவிடுகிறேன்.

அரைத்தூக்கம்:

விலகுங்கள். அந்த அரை நாளில் தூங்கலாம். கைக்குழந்தை வைத்திருப்பவள் சொல்கிறேன்.

ஓய்வுசிஸ்டர்:

முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: "திருப்தி தெரிவித்தனர்" என்ற வரியை நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குத்தான் அறிக்கையில் கட்டம் இருக்கும். என்ன பேசினார்கள், அதற்கு என்ன செய்தோம் என்பதற்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத விஷயத்தை யார் எழுதுவார்கள்?

தாழ்ப்பாள் விஷயத்தில் அந்தச் சிஸ்டர் மேல் கோபப்படாதீர்கள். சுத்தியலும் நாலு திருகாணியும் போதும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் கட்டடப் பராமரிப்பு வேறொருவர் பொறுப்பில் இருக்கும். கடிதம் போக வேண்டும், ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அப்புறம் ஒப்புதல். "நோட் பண்ணிக்கிறோம்" என்று சொல்கிறவர் கையில் பல நேரம் ஒன்றும் இருக்காது.

அதனால் விலகாமல் இதைச் செய்து பாருங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். வரிசை எண் வாங்குங்கள். கூட்டக் கடைசியில் எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வரிசை எண் உள்ள பொருளுக்குக் குறிப்பில் ஏதாவது எழுதியே ஆக வேண்டும். "யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள்?" என்றும் கேளுங்கள். நிதி இல்லை என்று பதில் வந்தால், அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கணக்குப்புலி:

சிஸ்டர் சொன்னது நடைமுறை. நான் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், மன்னிக்கவும், நீளமாகத்தான் போகும்.

மக்கள் பங்கேற்பு என்பது யாரோ தயவு பண்ணிக் கொடுக்கிற விஷயம் இல்லை. 1978-இல் அப்போதைய சோவியத் யூனியனின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட ஆரம்ப சுகாதாரப் பிரகடனத்திலேயே, தங்கள் மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று இருக்கிறது. திட்டமிடுவதிலும் என்பதைக் கவனியுங்கள். போட்டோவில் நிற்பதில் அல்ல.

அதற்கு முன்பே, 1969-இல், ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். நகரத் திட்டமிடலைப் பற்றி எழுதியதுதான், ஆனால் எல்லாத் துறைக்கும் பொருந்துகிறது. தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. ஓரிரு பேருக்கு இடம் கொடுத்துச் சமாதானப்படுத்துவது ஐந்து. ஆறாம் படியில்தான் பேரம் பேசி முடிவைப் பகிர்ந்துகொள்வது தொடங்குகிறது. கையெழுத்துப் போடுவதற்கென்றே ஆலோசனைக் குழு அமைப்பதை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? முதல் படியில். அதற்கு அவர் கொடுத்த பெயர், ஏமாற்றிக் காரியம் சாதிப்பது என்ற பொருளில் வரும்.

அரைத்தூக்கம்:

ஆக கடைசி நாற்காலி, முதல் படி. நல்ல பொருத்தம்.

கணக்குப்புலி:

சிரிக்கலாம், ஆனால் மேல்படிக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை கூட்டம் நடத்துவார். அவர் நர்ஸ் இல்லை, பாடம் எடுப்பவரும் இல்லை. பேச்சை நடத்திக் கொடுப்பவர், அவ்வளவுதான். என்ன பிரச்சினை என்று பெண்களே வரிசைப்படுத்தி, என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுத்து, செய்து, சரியாக வந்ததா என்று பார்த்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு, குழுக்கள் இல்லாத பகுதிகளில் 1,000 பிறப்புக்கு 36.9. குழுக்கள் இருந்த பகுதிகளில் 26.2. ஜார்க்கண்ட், ஒடிசாவில் பழங்குடி மக்கள் அதிகம் வாழும் மாவட்டங்களில் நடந்த அடுத்த ஆய்விலும் (2010) மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவு.

2013-இல் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளில் 30 சதவீதமாவது குழுக்களுக்கு வந்த இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, தாய் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. 2014-இல் உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைத்தது, குறிப்பாக மருத்துவ வசதி எட்டாத கிராமப் பகுதிகளுக்கு.

சந்தேகி:

எல்லாம் அழகாக இருக்கிறது. டாக்டர் இல்லை, ரத்தம் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. ஆனால் குழு இருக்கிறது! இதுதான் எனக்குப் புரியவில்லை. செய்ய வேண்டியவர்கள் செய்யாததை, சம்பளம் இல்லாமல் பெண்கள் தலையில் கட்டிவிட்டு அதற்குப் "பங்கேற்பு" என்று பெயர் வைப்பது. ஏற்கெனவே வீடு, பிள்ளை, வேலை. இப்போது சுகாதாரத் துறையையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டுமா?

சான்று வேண்டுமானால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களில் ஊர்மக்களையும் ஊழியர்களையும் உட்கார வைத்து, நிலையத்தின் சேவைக்கு மதிப்பெண் தாள் போட்டு, திட்டம் எழுத வைத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 33 சதவீதம் குறைந்ததாக 2009-இல் கட்டுரை வந்தது. உலகமே கொண்டாடியது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே நாட்டில், பல மடங்கு அதிகமான நிலையங்களில் அதே மாதிரித் திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். இறப்பில் மாற்றம் தெரியவில்லை.

கணக்குப்புலி:

உகாண்டா விஷயம் உண்மை, மறுக்கவில்லை. வங்கதேசத்திலும் முதல் முறை குழுக்களால் பலன் தெரியவில்லை. ஏனென்று பார்த்தால், ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழுதான் இருந்தது. கர்ப்பிணிகளில் மிகச் சிலரே வந்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்கு ஒன்று என்று குழுக்களைப் பெருக்கிய பிறகு பலன் தெரிந்தது. ஒரு கமிட்டியில் ஒரு தாய் என்றால் நானும் உங்கள் கட்சிதான் சந்தேகி. ஒருவர் எல்லோருக்கும் வாயாக இருக்க முடியாது.

வெளிவராந்தா:

இப்படிக் கூட்டங்களை நான் நடத்தியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். கணக்குப்புலி சொன்ன எண்ணிக்கைகள் சரிதான், ஆனால் உள்ளே நடப்பது அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

முதல் மூன்று மாதம் யாரும் பேசவில்லை. நான் கேட்பேன், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் சுவரைப் பார்ப்பேன். படங்கள் வரைந்த அட்டைகளைப் பரப்பி வைத்தோம்: ரத்தப்போக்கு, வலிப்பு, பால் குடிக்காத குழந்தை, உடம்பு சில்லிட்ட குழந்தை. "இதில் எதை நம் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டதும்தான் ஒருவர் ஓர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாருக்கும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொன்னார்.

பிரச்சினைகளை வரிசைப்படுத்தக் கூழாங்கல் வைத்து ஓட்டுப் போட்டோம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், கை தூக்க வெட்கப்பட வேண்டாம். எங்களுக்கு மேலே இருந்தவர்கள், ரத்தசோகை முதலிடத்தில் வரும் என்று எதிர்பார்த்து மாத்திரை பற்றிய பாடத்தைக்கூடத் தயார் செய்துவிட்டார்கள். கற்கள் வேறிடத்தில் குவிந்தன. "இரவில் வலி எடுத்தால் எப்படிப் போவது?" வண்டி கிடைக்காது. கிடைத்துப் போனாலும் நிலையத்தின் வாசல் கேட் பூட்டியிருக்கும், உள்ளே இருப்பவருக்குக் கூப்பிடுவது கேட்காது.

தாய் இறப்புக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் என்று படித்திருப்பீர்கள் (தாடியஸ், மெயின் என்ற இருவர் 1994-இல் எழுதியது). போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எங்கள் குழு இதைப் படிக்கவே இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு கேட்டில் சந்திப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் பேசி முறைப்பட்டியல் போட்டார்கள். அவசரத்துக்கு என்று சிறு சேமிப்புத் தொடங்கினார்கள். அதுவரை அவர்களால் முடிந்தது. கேட் அவர்கள் கையில் இல்லை. அங்கேதான் சந்தேகி சொல்வது சரி: பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டு வந்து கேட்கும்போது, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் வேண்டும். கேட்டுக்கு ஓர் அழைப்பு மணி வைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். "சொல்லி என்ன ஆச்சு?" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். மணி வந்த பிறகும் எல்லோரும் திரும்பவில்லை.

இன்னொன்று. யார் வரவில்லை என்று பாருங்கள். கூட்டத்துக்கு வர முடிகிறவர்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் வசதி இருக்கும். எங்களிடம் கடைசிவரை வராத ஒரு பெண் இருந்தார், முதல் பிரசவம், வீட்டில் வெளியே விடமாட்டார்கள். இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கூட்டத்தை அங்கேயே நடத்திவிட்டார்கள். அது என் யோசனை இல்லை.

இரட்டையர்_அப்பா:

ஆண்கள் பேசலாமா இங்கே? என் மனைவியின் பிரசவத்தில் என்னை மூன்று முறை கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட, ரத்தம் கொடுக்க, மருந்து வாங்கி வர. மற்ற நேரமெல்லாம் "வெளியே இருங்க". பங்கேற்பு என்று பேசுகிறீர்கள், பிரசவ நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கலாம் என்பதையே எங்களால் வாங்க முடியவில்லை. அவள் அம்மாவைக்கூட விடவில்லை.

வெளிவராந்தா:

கட்டாயம் பேசுங்கள். பிரசவத்தின்போது அந்தப் பெண் தேர்ந்தெடுக்கும் ஒருவர் துணையிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. நீங்கள் கேட்டது சலுகை இல்லை. ஆனால் குழுக் கூட்டத்தில் ஆண்கள் வந்து உட்கார்ந்ததும் பெண்களின் குரல் பாதியாகக் குறைந்ததை நான் பார்த்தேன். முதலில் பெண்கள் தனியாகப் பேசி முடிவெடுத்து, பிறகு ஊர்க் கூட்டத்தில் ஆண்களையும் சேர்த்து வைத்துச் சொன்னபோது சரியாக வந்தது. வண்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டது அங்கேதான்.

இரவுப்பணி:

நான் இப்போது வேலையில் இருக்கும் நர்ஸ். சில சமயம் இரவில் ஒரே நர்ஸ், மூன்று பிரசவம். எங்கள் நிலையத்திலும் குழு உண்டு. அந்தக் குழுவைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். மேலே கேட்க முடியாததை எல்லாம் எங்களைக் கேட்பார்கள். "சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று ஒரு புகார் வந்தது. என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நான் பதினாறாவது மணி நேரத்தில் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

மக்கள் பக்கத்திலிருந்து ஒருவர் "இரவுக்கு இன்னொரு நர்ஸ் போடுங்கள்" என்று கேட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். நாங்கள் கேட்டால் வேலைக்குச் சோம்பல் என்பார்கள். நீங்கள் கேட்டால் கோரிக்கை.

கடைசிநாற்காலி:

இரவுப்பணி, இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. என்னைக் கூப்பிட்ட சிஸ்டரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை.

சந்தேகி:

சரி, நானும் ஒரு படி இறங்குகிறேன். சம்பளமில்லா வேலை என்பதை மட்டும் விடமாட்டேன். கூட்டத்துக்கு வருகிற தாய்க்குப் போக்குவரத்துச் செலவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கொடுக்கட்டும். அதிகாரிகள் அந்த நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறார்கள், இவர் மட்டும் ஏன் சும்மா? பிரேசிலில் 1990-இல் போட்ட சட்டப்படி சுகாதார மன்றங்களில் பாதி இடம் சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்கு. பாதி! இங்கே பேசிக்கொண்டிருப்பது ஒரு நாற்காலியைப் பற்றி.

நெறியாளர்:

சிலர் தங்கள் பகுதி நிலையத்தின் பெயரையும் ஊழியர் பெயரையும் எழுதிப் புகார் போட்டிருந்தீர்கள். நீக்கியிருக்கிறேன். நடந்ததை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

ஓய்வுசிஸ்டர்:

இரவுப்பணி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் இறப்பு நடந்தால் ஆய்வு செய்வோம். மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்ப்பதோடு வீட்டுக்கும் போய்க் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது, பெயர் வெளியே போகக் கூடாது, அடுத்தவரைக் காப்பாற்ற என்ன மாற்ற வேண்டும் என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஒரு வீட்டுக்குப் போனேன். எங்கள் பதிவேட்டில் "தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்" என்று இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா சொன்னார்: அதற்கு முந்தைய இரண்டு நாளும் வந்திருக்கிறார்கள். தலைவலி, கண் மங்குகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் அதிகம், நாளை வாருங்கள் என்று வாசலிலேயே திருப்பியிருக்கிறார்கள். யாரும் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. வாசலில் திருப்பி அனுப்பியது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, ஏனென்றால் பதிவே நடக்கவில்லை. எங்களுக்கு அவர் மூன்றாம் நாள்தான் வந்தார். அவர்களுக்கு அது மூன்றாவது முறை.

அதற்குப் பிறகு கர்ப்பிணி யார் வந்தாலும், வரிசையில் நிற்கும்போதே தலைவலி, கண் மங்கல், வீக்கம், ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டு, இருந்தால் முதலில் உள்ளே விடுவது என்று வைத்தோம். அந்த அம்மாவிடம் திரும்பிப் போய் இப்படி மாற்றியிருக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பேன், போகமாட்டேன்.

அரைத்தூக்கம்:

தூங்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

கடைசிநாற்காலி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். நான்காவது கூட்டம் முடிந்தது.

ஓய்வுசிஸ்டர் அம்மா சொன்னபடி எழுதிக் கொடுத்து வரிசை எண் வாங்கினேன். ஐந்தாவது பொருள். அதற்கு முன்னால், பரிசோதனை நாளில் வெளியே காத்திருந்த பெண்களோடு இரண்டு காலைகள் உட்கார்ந்து பேசினேன். நான் தாழ்ப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அதற்கு முன்னால் வேறு இரண்டைச் சொன்னார்கள். கர்ப்பகாலப் பரிசோதனை அட்டை மருத்துவமனையிலேயே இருப்பதால் இரவில் வேறு இடத்துக்கு ஓட வேண்டியிருந்தால் கையில் ஒன்றும் இருப்பதில்லை, அது ஒன்று. பரிசோதனை முடிவுகளை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்கிறார்கள், அது இன்னொன்று. மூன்றாவதாகத்தான் தாழ்ப்பாள்.

என்னைக் கூப்பிட்ட சிஸ்டரிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் வேலை செய்கிறது, மூன்று முறை எழுதிப் போட்டாயிற்று என்றார். அதையும் "தாய்மார் கோரிக்கை" என்று எழுதினேன்.

கூட்டத்தில் தனியாக இல்லை, இன்னொரு தாயையும் கூட்டிப் போனேன். அனுமதி இல்லை என்றார்கள். பார்வையாளராக உட்காருவார் என்றேன். உட்கார்ந்தார். முடிவு இப்படி: அட்டையைக் கர்ப்பிணி கையிலேயே கொடுப்பது, அடுத்த மாதம் முதல். (கர்ப்பிணியின் குறிப்பேடு அவரிடமே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொல்லியிருப்பதாக இங்கே ஒருவர் தனிச் செய்தியில் அனுப்பியிருந்தார், நன்றி. அதை வாசித்ததும் மறுப்பு வரவில்லை.) கருவிக்குக் கடிதம் போகிறது, தேதி போட்டிருக்கிறார்கள். முடிவுகளைத் தனியாகச் சொல்வதற்கு "இடமில்லை" என்று பதில். அதை அப்படியே எழுத வைத்தேன். என் செலவுக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் கேட்டேன், சந்தேகி. சிரித்தார்கள். குறிப்பில் இருக்கிறது, சிரித்தது மட்டும் இல்லை.

தாழ்ப்பாள் வந்துவிட்டது. உள்பக்கம்தான். முந்தாநாள் வெளியே காத்திருந்தவர்களிடம் போய்ச் சொன்னேன். ஒரு பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரிக்கா, தாழ்ப்பாள் போட்டாச்சு, குப்பியை எங்க வைக்கிறது?" என்றார். உள்ளே சுவரில் தட்டு எதுவும் கிடையாது. தரையில்தான் வைக்க வேண்டும், குனிய முடியாது.

இரவுப்பணி:

எங்கள் நிலையத்திலும் தட்டு இல்லை. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் போய்ப் பார்த்தேன்.

ஓய்வுசிஸ்டர்:

இடுப்பு உயரத்தில், கதவுக்கு எதிர்ப்பக்கம் என்று எழுதிக் கொடுங்கள். உயரத்தை எழுதாவிட்டால் தலைக்கு மேல் அடித்துவிட்டுப் போவார்கள்.